பிள்ளையார் பதிவும் என் நாற்காலியும்

வேலையில் சேர்ந்த முதல் நாள் என்னைவிட என் நாற்காலிதான் அதிகம் அலைந்தது.

காரைக்குடியில் கீழே பாத்திரக் கடை, மேலே எங்கள் ஐ.டி. பிரிவு. புதுவயலில் அரிசி ஆலை, ஊர் ஊருக்கு அரிசிக் கடை, பள்ளத்தூரில் பழைய பெரிய வீடொன்றில் சுற்றுலாக்காரர்கள் தங்கும் விடுதி என்று எங்கள் நிறுவனத்துக்குப் பல தொழில். அத்தனைக்கும் வேண்டிய மென்பொருளை அந்த மாடியில்தான் செய்கிறார்கள். அங்கே நான் டெக்னிகல் ரைட்டர். அந்த மென்பொருளை யார் பயன்படுத்தப் போகிறார்களோ, அவர்களுக்குப் புரிகிற மாதிரி கையேடு எழுத வேண்டும். திரையில் வருகிற சொற்களும் என் பொறுப்பு. சென்னையில் சில வருஷம் இதே வேலையைப் பார்த்துவிட்டு, ஹாஸ்டல் சாம்பாருக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு, சொந்த ஊரிலேயே இப்படி ஒரு வேலையா என்று துள்ளிக் குதித்துக்கொண்டு வந்திருந்தேன்.

வந்தால், என்னை எங்கே உட்கார வைப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. முதலில் புரோகிராம் எழுதுகிறவர்கள் வரிசையில் நாற்காலியைப் போட்டார்கள். "இவுக கோடு எழுத மாட்டாகளே" என்று ஒருவர் இழுக்க, நாற்காலி மனிதவளப் பிரிவுக்குப் போனது. "இங்குட்டு எதுக்கு? இவுக ஐ.டி. ஆளாச்சே" என்று அங்கிருந்து திரும்பி வந்தது. சாயங்காலம் ஏ.சி. குளிர் கொட்டுகிற சர்வர் அறை வாசலில் உட்கார்ந்திருந்தேன். சித்திரை வெயிலில் சால்வை போர்த்திக்கொண்டு வேலை பார்த்த ஒரே காரைக்குடிக்காரி நானாகத்தான் இருப்பேன். கடைசியில் உதவி மேசைக்குப் பக்கத்தில் "தற்காலிகமாக" ஓர் இடம் கிடைத்தது. ஆலையிலோ கடையிலோ மென்பொருள் மக்கர் பண்ணினால் போன் வருகிற இடம் அது.

கல்யாண வீட்டில் சில பேர் இருப்பார்கள். பெண் வீட்டார் அவர்களை மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைப்பார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு ஆள் என்று நினைப்பார்கள். பந்தியில் யாரும் இலை போட மாட்டார்கள். டெக்னிகல் ரைட்டர் இனத்தின் நிலைமை அதுதான். வீட்டிலும் அதே கூத்து. "எம்மக கம்ப்யூட்டருக்கு எழுதிக் குடுக்குறா" என்று அம்மா தெருவெல்லாம் பெருமையாகச் சொல்லிவிட்டு வர, எதிர்வீட்டுக்காரர் மறுநாளே பட்டா மாற்றத்துக்கு மனு எழுதித் தரச் சொல்லி வந்துவிட்டார். எழுதியும் கொடுத்தேன். நன்றாகவே வந்திருந்தது.

ஆனால் அந்த வேலை எனக்கு எவ்வளவு பிடிக்கும் தெரியுமா! கடைக்காரர் ஒருவர் எடை போட மறந்தால் திரையில் "தவறான உள்ளீடு" என்று சிவப்பாக வரும். அவர் பாவம், என்ன தவறு செய்தோமோ என்று பதறிப் போய் எங்களுக்குப் போன் அடிப்பார். நான் அதை "எடையை எழுதாமல் விட்டுவிட்டீர்கள். எழுதிவிட்டு மறுபடி அழுத்துங்கள்" என்று மாற்றினேன். அந்தப் போன் அதோடு நின்றது. உதவி மேசைக்காரர் எழுந்து நின்று கும்பிட்டார். அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒரு குறை மட்டும் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. திங்கட்கிழமைக் கூட்டம். கண்ணாடி அறைக்குள் மேனேஜரும் புரோகிராம் எழுதுகிறவர்களும் உட்கார்ந்து, எதைச் செய்வது, எப்படிச் செய்வது, எதை நீக்குவது என்று முடிவு செய்வார்கள். எல்லாம் முடிந்த பிறகு, ஆறிப்போன வடை மாதிரி என்னிடம் வரும். கையேட்டில் நாலு பக்கம் எழுதினால்தான் புரியும் என்கிற ஒரு சங்கதியை, செய்யும்போதே ஒரு பொத்தானை இடம் மாற்றியிருந்தால் நாலு சொல்லில் முடித்திருக்கலாம். அதைச் சொல்லத்தான் நான் அங்கே இருக்க வேண்டும் என்று கேட்டேன்.

"அது டெக்னிகல் மீட்டிங்மா" என்றார் மேனேஜர். "முடிவு பண்ணுனத அனுப்புறோம். நீங்க அழகா எழுதிக் குடுங்க, போதும்."

டெக்னிகல் மீட்டிங்காம்! என் வேலையின் பெயரில் முதல் சொல் என்னவாம்? வாய் வரைக்கும் வந்தது. அப்போது விழுங்கிக்கொண்டேன்.

மார்கழியில் அடுத்த இடி. மேனேஜர் கூப்பிட்டு, சென்னை அலுவலகத்தின் விளம்பரப் பிரிவில் எழுதுகிற ஆள் கேட்கிறார்கள் என்றார். "நீங்களும் எழுதுறவுகதானே? ஐ.டி.க்குள்ள உங்கள எங்க வைக்கிறதுன்னு எனக்கும் புடிபடல. புதுவயல் ஆலை வேலை முடியட்டும். அப்புறம் முடிவு பண்ணிருவோம்."

புதுவயல் ஆலையில் தை அறுவடை நெல் வரத் தொடங்கும்போது எங்கள் புது மென்பொருள் ஓட வேண்டும். அது முடிந்தால் நான் சென்னைக்கு. அரிசிப் பையில் "அம்மாவின் கைமணம்" என்று எழுதிக்கொண்டு, மறுபடியும் அந்த ஹாஸ்டல் சாம்பார்.  போகக் கூடாது, எனக்கு இங்கேதான் இடம், அதை எப்படியாவது நிரூபித்துவிட வேண்டும் என்று மனதுக்குள் சபதமே போட்டேன்.

யாரும் போகச் சொல்லவில்லை. நானாகவே பஸ் ஏறிப் புதுவயல் ஆலைக்குப் போனேன். நெல் அவிக்கிற வாசனை, காற்றெல்லாம் உமித்தூசி, வாசலில் லாரி மேல் லாரி. லாரியோடு சேர்த்து நெல்லை நிறுக்கும் எடைமேடையும் அதற்குப் பக்கத்தில் கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு சிறு அறையும் இருந்தன. அங்கே கம்ப்யூட்டரில் எடையைப் பதிகிற அக்காதான் என் கையேட்டைப் படிக்கப் போகிறவர். கணீரென்ற குரல். லாரிக்காரர்கள் அத்தனை பேரும் அவருக்கு அடக்கம்.

"வாங்க தங்கச்சி. ஒங்க ஆளுக போன்லயே பேசுவாக, ஒருத்தரும் நேருல வந்ததில்ல. நீங்க மட்டும் வந்திருக்கீக" என்று பக்கத்தில் ஸ்டூலைப் போட்டார். பாருங்கள், அங்கே என்னை எங்கே உட்கார வைப்பது என்று யாரும் யோசிக்கவில்லை.

பயிற்சிக்காகப் புது மென்பொருளைத் திறந்து கொடுத்தேன். அக்கா கையைக் கழுவிவிட்டு வந்தார். திரையின் மூலையில் குங்குமப் பொட்டு வைத்தார். "மொதப் பதிவ சும்மா போடலாமா?" என்று சொல்லிக்கொண்டே, நெல் கொண்டுவந்தவர் பெயர் என்கிற கட்டத்தில் பிள்ளையார் என்று அடித்தார். பொருள், மஞ்சள். எடை, ஒரு கிலோ. வண்டி எண் கட்டத்தை நிரப்பாமல் மென்பொருள் நகரவில்லை. அக்கா ஒரு நொடி யோசித்தார். மூஞ்சூறு என்று அடித்தார். பதிவாகிவிட்டது!

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "சிரிக்காதீக தங்கச்சி. மொதலாளி வீட்டுலேயே புள்ளையார வைக்காம புதுக் கணக்குத் தொடங்க மாட்டாக. இனி இதுல வார நெல்லுக்கெல்லாம் அவருதான் காவல்" என்றார் அக்கா. பின்னால் நின்ற மில் சூப்பர்வைசர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் என் கையேட்டில் முதல் படியாக அதையே எழுதினேன்: முதலில் பிள்ளையார் பதிவு. எடைமேடையிலிருந்து வராத எடையைக் கையால் அடிக்க வேண்டுமென்றால் எந்தப் பொத்தான் என்பதையும் கூடவே எழுதி வைத்தேன். அந்தப் பொத்தான் ஒரு மூலையில் ஒளிந்துகொண்டிருந்தது.

திரும்பி வந்து, அந்த மென்பொருளைச் செய்த தம்பியிடம் டீ குடிக்கும்போது சொன்னேன். பள்ளத்தூர்க்காரர், கெட்டிக்காரர். விழுந்து விழுந்து சிரித்தார். "மூஞ்சூறா? சூப்பர் மேடம்! நல்ல டெஸ்ட் டேட்டா."

"சும்மா சோதிச்சுப் பாக்கப் போடுற டெஸ்ட் டேட்டா இல்ல தம்பி. அவுகளுக்கு அது நெசம்."

"சரிங்க மேடம், சரிங்க மேடம்" என்று டீக்கிளாஸைக் கழுவப் போய்விட்டார்.

அடுத்த திங்கட்கிழமை கண்ணாடி அறைக்குள் என்ன பேசினார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் வெளியே உட்கார்ந்து கையேட்டில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை காலை, ராகு காலத்துக்கு முன் நல்ல நேரத்தில் தொடக்கம் என்று மட்டும் எனக்குச் செய்தி வந்தது.

வெள்ளிக்கிழமை எல்லோரும் புதுச் சட்டையோடு வந்திருந்தார்கள். மேனேஜர் அல்வா வாங்கி வைத்திருந்தார். சுவரில் பெரிய திரை. எல்லா விளக்கும் பச்சை. சர்வர் ஓடுகிறது, இணைப்பு இருக்கிறது, ஆனால் ஆலையிலிருந்து ஒரு பதிவுகூட வரவில்லை. நிமிஷம் போகப் போகத் தம்பியின் முகம் வெளிறியது. ஆளாளுக்கு எதையோ தட்டித் தட்டிப் பார்த்தார்கள். பிழை ஒன்றும் அகப்படவில்லை.

அப்போது உதவி மேசைப் போன் அடித்தது. எடுத்தவர் கேட்டுவிட்டுக் குழம்பிப்போய், "சார், முதல் கஸ்டமரக் காணோமாம். அவரு வராம ஒரு லாரியையும் பதிய மாட்டாகளாம்" என்றார்.

"எந்தக் கஸ்டமர்? இன்னும் யாருமே பதிவாகலையே!" என்று தம்பி கத்தினார்.

நான் துள்ளி எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் போய் முட்டியது. "தம்பி! பிள்ளையார என்ன பண்ணுனீக?"

அவர் கை விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டது. "திங்கக்கெழம மீட்டிங்ல டெஸ்ட் டேட்டாவ எல்லாம் தொடைக்கச் சொன்னாங்க. நேத்து சாயங்காலம் தொடச்சுட்டேன்."

போனை வாங்கினேன். அக்காவின் குரலில் அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "தங்கச்சி, நான் வச்ச புள்ளையார யாரு எடுத்தது? நல்ல நாளும் அதுவுமா தொறந்தா வெறுமனே கெடக்கு.  நான் மறுபடி வைக்க மாட்டேன். எடுத்தவுகளே வந்து வைக்கட்டும்." பின்னால் லாரி ஹாரன் காதைப் பிளந்தது. கையால் எழுதுகிற பழைய எடைச் சீட்டை எடுக்கட்டுமா என்று சூப்பர்வைசர் கேட்பது காதில் விழுந்தது. எனக்குப் பகீரென்றது. பழைய சீட்டு ஒரு தடவை வெளியே வந்துவிட்டால் எங்கள் மென்பொருள் அன்றோடு படுத்துவிடும். அப்புறம் அது எழுந்திருக்க அடுத்த தை வர வேண்டும்.

"எடுக்காதீக! இந்தா வந்துட்டோம்!" என்றேன்.

"இதுக்கெல்லாமா போறது? நான் இங்கருந்தே சேத்துர்றேன்" என்றார் தம்பி.

எனக்கு வந்ததே கோபம்! "ஆயுத பூசையன்னைக்கு இந்தச் சர்வருக்குச் சந்தனம் வச்சுச் சுண்டல் படைச்சது யாரு? நீங்கதானே? எந்தப் புதுக் கம்ப்யூட்டர் மொழி படிச்சாலும் மொதல்ல 'ஹலோ வேர்ல்டு'ன்னு உலகத்துக்கு ஒரு வணக்கம் எழுதிப் பாக்குறீகல்ல? அந்த அக்கா வணக்கம் வச்சாக, நீங்க அழிச்சீக. கெளம்புங்க!"

 மேனேஜரும் "போங்க" என்று வாசலைக் காட்டினார்.

என் ஸ்கூட்டரில் பின்னால் தம்பி, அவர் மடியில் லேப்டாப். அவ்வளவு வேகமாக நான் வண்டி ஓட்டியதே இல்லை. பயம் ஒரு பக்கம் இருந்தாலும், உள்ளுக்குள் திருவிழாவுக்குப் போகிற மாதிரி ஒரு பரபரப்பு. புதுவயலை நெருங்கும்போதே லாரிகள் ரோடு வரைக்கும் நிற்பது தெரிந்தது. டிரைவர்கள் இறங்கி நின்று சிரித்தார்கள். "புள்ளையார ஏத்திக்கிட்டு வாராக, வழி விடுங்கப்பா!"

எடைமேடை அறையில் அக்கா எழுந்து நாற்காலியைக் காட்டினார். சிரிக்கவில்லை. "உக்காருங்க தம்பி. ராகு காலம் வரப்போகுது."

தம்பி உட்கார்ந்தார். தான் செய்த திரைதான். ஆனால் பக்கத்தில் அக்கா, பின்னால் சூப்பர்வைசர், ஜன்னலில் டிரைவர்கள். அவருக்கு வேர்த்துக் கொட்டியது. பெயரை அடித்தார், பொருளை அடித்தார். எடைக் கட்டத்தில் கை வைத்தால் அது அசையவில்லை. எடைமேடையிலிருந்து தானாக வந்தால்தான் ஏற்கும். அப்படித்தான் அவரே செய்திருந்தார்.

"மேடம், கையால எடை போடுறது எங்க வச்சேன்?" என்று ரகசியமாகக் கேட்டார்.

நான் என் கையேட்டைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன்.  பேசினால் சிரித்துவிடுவேன். விரலை வரிக்கு வரி வைத்துப் படித்து, பொத்தானைக் கண்டுபிடித்தார். செய்தவரே என் எழுத்தைப் பிடித்துக்கொண்டு தன் மென்பொருளுக்குள் நடந்து போனதைப் பார்த்தபோது, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"ஒரு கிலோன்னு போட்டா நெல் இருப்புல ஒரு கிலோ மஞ்சள் காட்டுமே மேடம். பூஜ்யம் போட்டுரட்டுமா?"

"மொதப் பதிவுல சைபரா?" என்று அக்கா நெஞ்சில் கை வைத்தார்.

"காட்டட்டும் தம்பி" என்றேன். "ஒரு கிலோ மஞ்சள வாங்கி குடோன்ல வச்சிருவோம். கணக்கு நேராயிரும்." சூப்பர்வைசர் அந்த நொடியே எதிர்த்த மளிகைக் கடைக்கு ஓடினார்.

தம்பி பதிவை அழுத்தினார். திரையில் என் வாசகம் வந்தது: "வண்டி எண்ணை எழுதாமல் விட்டுவிட்டீர்கள். எழுதிவிட்டு மறுபடி அழுத்துங்கள்."

அவர் திரும்பி எங்களைப் பார்த்தார். "வண்டி எண்ணுக்கு என்ன போடுறது?"

"மூஞ்சூறு!" அக்கா, நான், ஜன்னலில் நின்ற டிரைவர்கள், எல்லோரும் ஒரே குரலில் கத்தினோம். அக்கா அப்போதுதான் சிரித்தார். பதிவு ஏறியது. அந்தச் சூட்டோடு முதல் லாரி எடைமேடை மேல் ஏறியது. ராகு காலம் பிறந்தபோது நெல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. குடோனில் மூட்டை அடுக்குகிற பெரிய மரப்பலகையில் அந்த ஒரு கிலோ மஞ்சள் பொட்டலம் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தது.

மதியம் அலுவலகம் திரும்பினோம். மேனேஜர் அல்வாவைக் கொடுத்துவிட்டு உட்காரச் சொன்னார். அவர் கோபமாக இல்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டார். "இது உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. தொடைக்கிறதுன்னு முடிவு பண்ணும்போது மீட்டிங்ல ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லம்மா?"

"எந்த மீட்டிங்ல சார்?" என்றேன்.

 அவர் கண்ணாடி அறையைப் பார்த்தார். விழுங்கி வைத்திருந்ததெல்லாம் எனக்கு அப்போது வந்துவிட்டது. "ஆலையில போயி உக்காந்ததால அந்தப் பதிவு எனக்குத் தெரியும். உதவி மேசை பக்கத்துல இருந்ததால போன் என் காதுல விழுந்துச்சு. முடிவு பண்ற எடத்துல மட்டும் நான் இல்ல. அங்க இருந்திருந்தா இன்னைக்கு ஒரு லாரியும் நின்னிருக்காது. என்னைய எங்க வைக்கிறதுன்னு கேட்டீகளே சார், எழுதுறவ கடைசியா வர்ற ஆளில்ல. சென்னைக்கு அனுப்புறதுன்னா அனுப்புங்க, ஆனா இதச் சொல்லாமப் போக மாட்டேன்."  அழக் கூடாது என்று அல்வாவை வாயில் போட்டுக்கொண்டேன். மேனேஜர் எழுந்து கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சனியும் ஞாயிறும் எனக்குச் சோறு இறங்கவில்லை. "வாயக் குடுத்து வேலையக் கெடுத்துக்கிட்டியா?" என்று அம்மா ஏசினார். இருக்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன்.

திங்கட்கிழமை கண்ணாடி அறைக்குள் எல்லோரும் போனார்கள். எனக்கு ஓர் அழைப்பும் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். உள்ளே எல்லா நாற்காலியிலும் ஆள் இருந்தது. உதவி மேசைக்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். போனால் போகிறது என்று எழுந்தேன். என் நாற்காலியின் முதுகைப் பிடித்து உருட்டினேன். அதில் ஒரு சக்கரம் எப்போதும் கிரீச்சிடும். அந்தக் கூடம் முழுக்க அது கத்திக்கொண்டே வந்தது. கதவைத் திறந்து நாற்காலியை உள்ளே தள்ளினேன்.

மேனேஜர் தன் லேப்டாப்பை ஒரு பக்கம் நகர்த்தினார். "அங்குட்டு வேணாம், இங்குட்டுப் போடுங்க" என்றார். பிறகு எங்கேயோ பார்த்துக்கொண்டு, "சென்னைக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லிட்டேன்" என்றார்.

 தம்பி சுவரில் புது வேலையைக் காட்டினார். பள்ளத்தூர் விடுதிக்கு அறைப் பதிவு மென்பொருள். இன்னும் வெறும் படம்தான். ஒரு வரிகூட எழுதவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார்.

"இதுல மொதப் பதிவு யாரு மேடம்? நீங்க சொன்னாத்தான் நான் கோடு தொடங்குவேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த அறையில் நான் பேசிய முதல் வாக்கியம் இதுதான்: "எனக்குத் தெரியாது தம்பி. போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

கூட்டம் முடிந்ததும் கீழே இறங்கிப் பள்ளத்தூர் பஸ்ஸைப் பிடித்தேன்.